இருபத்து மூன்று ராஜினாமாக்கள்

எங்கள் ஓட்டலில் யாரும் ராஜினாமா செய்ததில்லை. டீ குடிக்கப் போவார்கள், அவ்வளவுதான். சம்பளம் வாங்கிய கையோடு "தோ வந்துடறேன்" என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பும் ஆள், அடுத்த முறை கண்ணில் படும்போது சேலத்தில் வேறொரு ஓட்டலின் சட்டையைப் போட்டுக்கொண்டு நிற்பார். ஓட்டலிலேயே டீ இருக்கும்போது வெளியே எதற்கு டீ குடிக்கப் போகிறார் என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் அவருக்குச் சங்கடமாக இருக்கும்.

கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானதும், ஆபீசர்கள் வருவார்கள், கோர்ட்டுக்கு வரும் வக்கீல்கள் தங்குவார்கள் என்று கணக்குப் போட்டு, அரிசி ஆலை வைத்திருந்த விஜயராகவன் சார் துருகம் சாலையில் மூன்று மாடிக்குக் கட்டியதுதான் எங்கள் 'மலைச்சாரல் ரெசிடென்சி'. மேலே இருபத்து நான்கு அறை, கீழே சாப்பாட்டுக்கூடம், மொத்தம் முப்பத்தொரு பேர் வேலை. போன வருஷக் கடைசி மூன்று மாதத்தில் மட்டும் பதினொரு பேர் டீ குடிக்கப் போய்விட்டார்கள். அந்தப் புண்ணியத்தில்தான் எனக்கு வேலை கிடைத்தது.

என் பெயர் செந்தமிழ்ச்செல்வி. பதவி, மனிதவள அதிகாரி. எனக்குத் தெரிந்து கள்ளக்குறிச்சியில் இந்தப் பதவிக்கு இருப்பது ஒரே ஒரு நாற்காலி, அதற்கும் ஒரு கால் ஆடும். ஆடினால் ஆடட்டும் என்று இறுகப் பிடித்துக்கொண்டேன். அதற்கு முன்னால் நான்கு வருஷம் சென்னையில் விடுதியில் இருந்தேன். என் மகள் பவானி தியாகதுருகத்தில் அம்மாவிடம் இருந்தாள். முதல் பல் விழுந்ததை எனக்குப் போனில்தான் காட்டினாள், அதுவும் நெட் கிடைக்காமல் பாதி வாய்தான் தெரிந்தது. இப்போது தினமும் ஏழு மணிக்கு வீட்டில் இருக்கிறேன். எனக்கு வேறு ஒன்றும் வேண்டாம்.

வேலைக்குச் சேர்ந்த அன்று விஜயராகவன் சார் சொன்னார்: "இந்தா பாரு செல்வி, மார்ச் முப்பத்தொண்ணு வரைக்கும் டைம். நடுவுல ஒருத்தன் டீ குடிக்கப் போனாலும், அடுத்த டீ உனக்குத்தான்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் அவர் சிரித்துக்கொண்டே சொன்ன எதையும் செய்யாமல் விட்டதில்லை என்று எல்லாரும் எனக்குத் தனித்தனியாக வந்து தெரிவித்தார்கள்.

நான் படித்த பாடத்தை எல்லாம் இறக்கினேன். ஊழியர் பிறந்தநாளுக்கு கேக் வெட்டினால் நிறுவனத்தின் மேல் பற்று வரும் என்று புத்தகத்தில் இருந்தது. ஆதார் அட்டைகளை வாங்கிப் பார்த்தேன். ஒன்பது பேர் ஜனவரி ஒன்றில் பிறந்திருந்தார்கள். பன்னிரண்டு பேர் பிறந்தது ஜூன் ஒன்று, அதாவது பள்ளிக்கூடம் திறக்கும் நாள். தேதி தெரியாதவர்களுக்கு எழுதுகிறவர் போட்ட தேதி அது. ஜனவரி ஒன்றாம் தேதி ஒன்பது பேரும் ஒரே கத்தியைப் பிடித்துக்கொண்டு ஒரு கேக்கை வெட்டினார்கள். பாத்திரம் தேய்க்கும் அம்மாசி மட்டும், "நான் ஆடி மாசத்துல பொறந்தவன்மா, எங்கம்மாவுக்குத் தெரியும்" என்று கடைசிவரை கேக்கை வாயில் வைக்கவில்லை.

அடுத்து ஆலோசனைப் பெட்டி வைத்தேன். மூன்று வாரம் கழித்துத் திறந்தபோது உள்ளே ஒரு பஸ் டிக்கெட், ஒரு கோயில் நோட்டீஸ், சாப்பிட வந்த யாரோ போட்ட பல்குத்தும் குச்சி. 'என்னிடம் எதுவும் சொல்லலாம்' என்று என் அறைக் கதவைத் திறந்தே வைத்தேன். ஏசி வீணாகிறது என்று மின்கட்டணம் பார்ப்பவர் வந்து மூடிவிட்டுப் போனார்.

மிச்சம் இருந்தது ஒன்றுதான். வேலையை விடுகிறவர் முறையாகக் கடிதம் கொடுத்தால், அவரை உட்கார வைத்துப் பதினான்கு கேள்வி கேட்டு, பதிலை எழுதிக்கொண்டு, அனுபவச் சான்றிதழ் கொடுத்து அனுப்புவது. போகிறவரைக் கேட்டு என்ன பிரயோஜனம் என்று எனக்கே தோன்றியது. இருந்தாலும் ஒரு தாளில் எழுதி ஒட்டினேன்.

பிப்ரவரி இரண்டாம் தேதி பரோட்டா மாஸ்டர் வீரமுத்து கடிதத்தோடு வந்து நின்றார். நாற்காலியில் உட்காரச் சொன்னேன். விருந்தாளிகளுக்கு வைக்கும் கோப்பையில் டீ வரவழைத்தேன். கேள்விகளைப் படிக்க ஆரம்பித்தேன். மூன்றாவது கேள்வி, 'வேலை செய்யும் இடத்தில் வசதிக்குறைவு ஏதும் உண்டா?'

அவர் ஒரு மணி நேரம் பேசினார். அவர் ஆறடிக்குப் பக்கம் உயரம். பரோட்டாக் கல் போட்டிருக்கும் மேடை, முன்னால் இருந்த குள்ளமான மாஸ்டரின் அளவுக்குக் கட்டியது. நாலு வருஷமாகக் குனிந்து குனிந்து இடுப்பு போய்விட்டது. "நாலு வருசத்துல ஒருத்தரும் கேக்கலம்மா, இன்னாத்துக்கு இடுப்புல கை வெச்சிக்கினு நிக்கறேன்னு. எல்லாம் நான் திமுரா நிக்கறேன்னு நெனச்சிக்கினாங்க."

நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அன்று மதியமே கொத்தனாரைக் கூப்பிட்டு இரண்டு வரிசை செங்கல் வைத்து மேடையை உயர்த்தச் சொன்னேன். சாயந்திரம் வீரமுத்து வந்து கடிதத்தைத் திருப்பிக் கேட்டார். ஞாபகத்துக்கு நானே வைத்துக்கொள்கிறேன் என்றேன். "சரி, இருக்கட்டும்" என்று நிமிர்ந்து நடந்து போனார்.

அந்த வாரமே நான்கு ராஜினாமாக்கள் வந்தன.

நான்கும் ஒரே கையெழுத்து. வரவேற்பில் இருக்கும் சுபாஷுக்கு முத்து முத்தான எழுத்து. எல்லாருக்கும் அவன்தான் எழுதிக் கொடுத்திருக்கிறான். 'குடும்ப சூழ்நிலை காரணமாக' என்று தொடங்கி 'இப்படிக்கு தங்கள் உண்மையுள்ள' என்று முடியும். காரணம் கேட்டால்தான் சுவாரசியம். ஒருவர் துபாய் விசா வந்துவிட்டது என்றார். அவரிடம் பாஸ்போர்ட் இல்லை. அம்மாசி, பெரியப்பா பத்து ஏக்கர் எழுதி வைத்துவிட்டதாகச் சொன்னார். பிறகு பதினான்கு கேள்விக்கும் நடுவில் எங்கேயோ உண்மை வெளியே வரும். அம்மாசிக்கு வந்தது கட்டைவிரலைப் பற்றி. பாத்திரம் தேய்த்துத் தேய்த்து ரேகை அழிந்துபோய், வருகைப்பதிவு இயந்திரம் அவரை ஏற்றுக்கொள்ளவே இல்லை. 'ப்ளீஸ் ட்ரை அகெய்ன்' என்று அது பெண் குரலில் காலையில் பத்து முறை சொல்லும். "அந்தப் பொம்பளைக்கு எம்மேல இன்னா கோவம்னே தெரியலம்மா" என்றார், மனசு நொந்து. அவருக்கு மட்டும் நோட்டில் கையெழுத்து என்று மாற்றினேன். அவரும் போகவில்லை. பத்து ஏக்கரையும் பெரியப்பாவே வைத்துக்கொண்டார்.

பிப்ரவரிக் கடைசிக்குள் பதினாறு கடிதம். செவ்வாய், வியாழன் என்று நாள் ஒதுக்க வேண்டியதாயிற்று. தலைக்குக் குளித்து, சலவைச் சட்டை போட்டு வந்து உட்காருவார்கள். பெண்கள் பூ வைத்துக்கொண்டு வருவார்கள். சாப்பாட்டுக்கூடத்தில் சண்டை குறைந்தது. வாடிக்கையாளர்கள் கேட்பதற்கு முன்னால் சாம்பார் வந்தது. யாரும் டீ குடிக்கப் போகவில்லை. என் வேலை தப்பித்தது என்று எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட வந்துவிட்டது, மறைப்பானேன்.

ஆனால் கடிதங்கள் குவிவது உறுத்தியது. சுபாஷைக் கூப்பிட்டுக் கேட்டேன். "ஏம்பா, கஷ்டம்னா நேரா வந்து சொல்லக்கூடாதா? கதவைத் திறந்துதானே வெச்சிருந்தேன்?"

"சும்மா வந்து சொன்னா அது புகாருங்க மேடம். அப்புறம் அவன் பேரு புகார்காரன். லெட்டர் குடுத்துட்டு சொன்னா அது கருத்து. உக்கார வெச்சி கேக்கறீங்க, எழுதிக்கினும் போறீங்க."

"நெசமாவே ஒருநாள் ஏத்துக்கினேன்னா?"

"அதெல்லாம் நீங்க பண்ண மாட்டீங்கன்னு எல்லாருக்கும் தெரியும் மேடம்" என்றான்.

இப்படியே இருபத்திரண்டு ஆயிற்று. இருபத்து மூன்றாவது கடிதம் வெள்ளச்சியுடையது.

வெள்ளச்சி அறைகளைச் சுத்தம் செய்கிறவள். கல்வராயன் மலையில், வெள்ளிமலைக்கு அந்தப்பக்கம் ஊர். வாரம் முழுவதும் வடக்கனந்தலில் உறவுக்காரர் வீட்டில் தங்கி வேலைக்கு வருவாள், வாரக்கடைசியில் மலைக்கு ஏறுவாள். அதிகம் பேச மாட்டாள். அவள் விரித்த படுக்கையில் சுருக்கம் தேடிக் கண்டுபிடித்தால் பரிசு கொடுக்கலாம். மார்ச் இருபத்து நான்காம் தேதி, செவ்வாய்க்கிழமை, அவள் என் எதிரில் வந்து உட்கார்ந்தாள். கடிதத்தைச் சுபாஷ் எழுதவில்லை, அவளே எழுதியிருந்தாள். எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

"வேலையை விட இன்னா காரணம்?" என்று இரண்டாவது கேள்வியைக் கேட்டேன். இதற்குள் எனக்கும் ஊர்ப்பேச்சு திரும்ப ஒட்டிக்கொண்டிருந்தது.

"எங்க ஊரு பள்ளிக்கூடத்துல காலை டிபன் சமைக்க என்னைச் சேத்துக்கினாங்க மேடம். எம்பொண்ணு அங்கதான் ரெண்டாவது படிக்குது."

நான் சிரித்துவிட்டேன். துபாயையும் பத்து ஏக்கரையும் கேட்டுச் சலித்த காதுக்கு இது புதுசாக இருந்தது. "எல்லாரையும் விட நல்லா யோசிச்சிருக்கே வெள்ளச்சி" என்றேன். அவளும் சிரித்தாள். சந்தோஷத்தில் சிரித்திருக்கிறாள். எனக்கு அது தெரியவில்லை.

கடைசிக் கேள்வி, 'உங்களைத் தக்கவைத்துக்கொள்ள நிறுவனம் என்ன செய்திருக்கலாம்?'

"எனக்கு ஒண்ணும் வேணாம் மேடம். சனிக்கெழமையில அஞ்சரைக்கு உடறீங்க, மலைக்குப் போற பஸ்ஸு அஞ்சே காலுக்கே போயிடுது. ஞாயித்துக்கெழம காலையிலதான் போயி சேர்றோம். அஞ்சு மணிக்கு உட்டீங்கன்னா, அடுத்து வர்றவளும் மலையா இருந்தா அவளுக்கு ஆவும்."

அப்படியே எழுதிக்கொண்டேன். அன்றைக்கே வேலை நேரத்தை மாற்றி, ஓடிப்போய் இரண்டாம் மாடியில் அவளிடம் சொன்னேன். "இந்த சனிக்கிழமையிலேர்ந்து அஞ்சு மணிக்கே கிளம்பிடலாம்." அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ரொம்ப நல்லதுங்க மேடம்" என்றாள். இருபத்து மூன்றாவது ஆளையும் தக்கவைத்துவிட்ட பெருமையில் நான் படியிறங்கினேன்.

வியாழக்கிழமை அவள் வரவில்லை. போன் மலையில் எடுக்காது. வெள்ளிக்கிழமை விடியற்காலை முதல் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். கச்சிராயபாளையம் தாண்டி பஸ் வளைந்து வளைந்து ஏறியது. ஒவ்வொரு வளைவிலும் ஒரு வாக்குறுதியைத் தயார் செய்துகொண்டேன். சூப்பர்வைசர் பதவி. வாரம் இரண்டு நாள் லீவு. கெஞ்சுவது கடைசி வளைவுக்கு.

பள்ளிக்கூடம் சின்னது. வாசலிலேயே தாளிக்கும் வாசனை. வெள்ளச்சி தலையில் துணி கட்டிக்கொண்டு, கரண்டியோடு பெரிய சட்டியின் முன்னால் நின்றிருந்தாள். என்னைப் பார்த்ததும் ஓடி வந்தாள்.

"இன்னா மேடம், இம்மாந்தூரம்?"

"நீ ஏன் வேலைக்கு வரலே?"

"லெட்டர் குடுத்துட்டுத்தான வந்தேன்?" என்றாள், குழம்பிப்போய்.

"அது... எல்லாரும் குடுக்கற மாதிரி இல்லையா?"

"மத்தவங்க குடுத்தது வேற மேடம். நான்தான் காரணம் சொன்னேனே. நீங்ககூட எழுதிக்கினீங்க."

அவள் பதில்களை எழுதிய படிவம் என் பையிலேயே இருந்தது. எடுத்துப் பார்த்தேன். என் கையெழுத்திலேயே எல்லாம் தெளிவாக இருந்தது. எழுதியது என் கைதான், கேட்டது யார் காது என்று தெரியவில்லை. கேட்பதற்கென்றே சம்பளம் வாங்குகிறவள் நான். அவமானமாக இருந்தது.

"எனக்காகத் திரும்பி வந்துடேன்" என்று ஆரம்பிப்பதற்குள் ஒரு சின்னப் பெண் தட்டை நீட்டிக்கொண்டு வந்து, "அம்மா, இன்னும் கொஞ்சம்" என்றது. முன்வரிசையில் ஒரு பல் இல்லை. வெள்ளச்சி அதன் தட்டில் உப்புமா வைத்தாள். சூடு பார்த்து, ஊதி வைத்தாள். நான் தயார் செய்து வைத்திருந்த அத்தனை வாக்குறுதிகளையும் விழுங்கிவிட்டேன். ஒரு பெண்ணை இந்த இடத்திலிருந்து இறக்கி இருபத்து நான்கு அறைக்குப் படுக்கை விரிக்கக் கூப்பிட என் வாய்க்கு வரவில்லை. சின்ன பெஞ்சில் முழங்காலை மடக்கி உட்கார்ந்து நானும் உப்புமா சாப்பிட்டேன். நன்றாக இருந்தது.

இறங்கும்போது பஸ்ஸில் ஒரு திருட்டு யோசனை வந்தது. இன்னும் நான்கே நாள். 'வெள்ளச்சி, மருத்துவ விடுப்பு' என்று எழுதி வைத்தால் முப்பத்தொன்றாம் தேதி தாண்டிவிடும். பேனாவைக்கூட எடுத்துவிட்டேன். ஆனால் அப்படி எழுதினால் இந்தப் படிவத்தைக் கிழித்துப் போட வேண்டும். இருபத்து மூன்றில் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை பொய்யே இல்லாத படிவம் இது ஒன்றுதான். வடக்கனந்தல் வருவதற்குள் பேனாவை மூடி உள்ளே வைத்துவிட்டேன்.

முப்பத்தொன்றாம் தேதி மதியம் மூன்று மணிக்கு விஜயராகவன் சார் கூப்பிட்டார். கடிதங்களும் படிவங்களும் இருந்த ஃபைலை அவர் முன்னால் வைத்தேன். திறந்தவர் முதல் கடிதத்தைப் பார்த்தார், இரண்டாவதைப் பார்த்தார், எண்ண ஆரம்பித்தார். பத்தைத் தாண்டியதும் நெற்றியைத் துடைத்தார்.

"இருபத்தி மூணு பேரா? அப்ப கீழ பரோட்டா போட்டுக்கினு இருக்கறவன் யாரு?"

"வீரமுத்துதான் சார். அவர் போகலே. இருபத்திரண்டு பேர் போகலே." விவரமாகச் சொன்னேன். செங்கல், கட்டைவிரல், துபாய், எல்லாம். பெரியப்பாவின் பத்து ஏக்கரில் அவர் வாய்விட்டுச் சிரித்தார். "நாலு வருசமா அவன் இடுப்ப நானும் பாத்துக்கினுதான் இருந்தேன்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

பிறகு, "அந்த ஒண்ணு?" என்றார்.

"வெள்ளச்சி சார். நிஜமாகவே போயிட்டாங்க." படிவத்தை எடுத்துக் கொடுத்தேன். அவர் நிதானமாகப் படித்தார்.

"நான் இன்னா சொன்னேன், ஞாபகம் இருக்குதா?"

"இருக்கு சார்."

"சொன்ன சொல்ல மாத்தினேன்னா நாளைக்கு இங்க எவனும் மதிக்க மாட்டான். லெட்டர் எழுதிக்கினு வா."

இந்த முறை அவர் சிரிக்கவில்லை. வெளியே வந்தேன். கதவுக்குப் பக்கத்திலேயே நின்றிருந்த சுபாஷ், "நான் எழுதித் தரட்டுங்களா மேடம்? குடும்ப சூழ்நிலை..." என்று இழுத்தான். என் குடும்ப சூழ்நிலைக்கு நான் இங்கே இருப்பதுதான் தேவை என்று அவனிடம் எரிந்து விழுந்தேன். நானே எழுதினேன். 'தாங்கள் கூறியதன் பேரில் வேலையை விடுகிறேன்.' ஒரு வரி. எழுதி முடிக்க அரைமணி நேரம் ஆயிற்று.

விஜயராகவன் சார் அதைப் படித்துவிட்டு மேஜைமேல் வைத்தார். நான் திரும்பினேன்.

"உக்காரு" என்றார். "எல்லாரையும் நீ கேட்ட. உன்னை யாரு கேக்கறது?"

"எனக்கு மேல நீங்க மட்டும்தான் சார்."

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஃபைலின் பின்பக்கத்திலிருந்து ஒரு வெற்றுப் படிவத்தை உருவினார். பெயர் கேட்டார், சொன்னேன். காரணம் கேட்டார். "லெட்டரிலேயே இருக்கு சார்" என்றேன். எழுதிக்கொண்டார். ஐந்தாவது கேள்வி, 'இங்கு வேலை பார்ப்பது உங்களுக்குப் பிடித்திருந்ததா?' இருபத்து மூன்று முறை நான் படித்த கேள்விதான். என்னிடம் யாரும் படித்ததில்லை.

"ரொம்பப் பிடிச்சிருந்தது சார்" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். முடியவில்லை. ஏழு மணிக்கு வீட்டுக்குப் போவதைச் சொன்னேன். பவானி இப்போதெல்லாம் தெருமுனையில் வந்து நிற்பதைச் சொன்னேன். விடுதிக் கட்டிலைச் சொன்னேன். இந்த மூன்று மாதமும் ஒவ்வொரு கடிதம் வரும்போதும் எப்படிப் பயந்தேன் என்று சொன்னேன். மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னேன். அவர் தலையைத் தூக்காமல் எழுதிக்கொண்டே இருந்தார். வேகமாக எழுத வராதவர், ஆனால் ஒரு சொல்லையும் விடவில்லை.

பதினான்காவது கேள்விக்கு வந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தார். "உங்களைத் தக்கவைத்துக்கொள்ள நிறுவனம் என்ன செய்திருக்கலாம்?"

"போன்னு சொல்லாம இருந்திருக்கலாம் சார்."

பேனா நின்றது. "இத நான் எழுதித்தான் ஆவணுமா?"

"சொன்னதை அப்படியே எழுதணும் சார்."

எழுதினார். எழுதியதை ஒருமுறை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார்.

"இதுக்கு அப்புறம் நீ இன்னா பண்ணுவ?"

"சரிபண்ணக்கூடியதா இருந்தா, அன்னைக்கே சரிபண்ணிடுவேன் சார்."

அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "மணி நாலுதான ஆவுது" என்று சொல்லி, கடிதத்தை என் பக்கம் தள்ளினார்.

நான் அதை எடுத்து நான்காக மடித்துக் கையில் வைத்துக்கொண்டேன். அப்படியே போய் என் ஆடும் நாற்காலியில் உட்கார்ந்தேன்.